மூணு ஓட்டைப் பானையும் ஒரு ப்ராசஸரும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் மழைக்காலத்தில் வயிறு காயும், வெயில் காலத்தில் மண்டை காயும். இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஸ்க்ரூட்ரைவரும் கையுமாக உட்கார்ந்து, "நான் ஒண்ணுமே பண்ணல சார், தானா ஆஃப் ஆயிருச்சு" என்பவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துத் தொலைக்கும் என் இனத்தார் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மதுரை ஆனையூரில் கடை. மேலே தகரக் கூரை. கூட்டாளி செல்வம். அவன் பிரிண்டரும் கேமராவும் பார்ப்பான், மிச்சமெல்லாம் என் தலையில். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். போன கத்திரி வெயிலில் எங்களிடம் ஒரு பெட்டி வந்தது. அதைப் பற்றி எழுதிவிட்டால் மனசிலிருந்து இறங்கிவிடுமா என்று பார்க்கிறேன்.

சாவி உள்ளே இருக்கிறது

பெட்டியைக் கொண்டுவந்தவர் ரமணி அக்கா. திருநகரில் இருக்கிறார், கணக்கு டீச்சர். பெட்டி அவருடைய அப்பாவுடையது. சேலைக்கு டிசைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், மாசி மாதம் தவறிவிட்டார். சௌராஷ்டிரா குடும்பம். அக்கா வாழ்க்கைப்பட்டது தமிழ் பேசும் வீட்டில். அதனால் அவரோடு பிறந்த வீட்டு பாஷையில் பேச மிச்சமிருந்தது அப்பா ஒருவர்தான். பேத்தியாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அந்தப் பெரியவர் மைக் வாங்கி வைத்துப் பாடம் பாடமாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறார். எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

பெட்டியோ ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் கொதித்து அணைந்துவிடும். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டினால் ஆயிற்று என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டிருந்தான். அந்தப் பூட்டின் சாவி ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்கை வேறு இடத்தில் மாட்டினாலும் திறக்காது, இங்கே ப்ராசஸரை மாற்றினாலும் திறக்காது. ப்ராசஸர் மூடிக்கு அடியில் சூட்டைக் கடத்துவதற்காக இருக்கும் பேஸ்ட் காய்ந்து கட்டி தட்டிவிட்டது. மூடியைப் பெயர்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஒரு கீறல் விழுந்தால் சாவியும் சேர்ந்து போய்விடும். ஆக, அந்த ப்ராசஸர் சாவதற்குள் அதை வைத்தே எல்லாவற்றையும் காப்பி எடுத்தாக வேண்டும். இதை நான் விளக்கி முடித்ததும் அக்கா பெட்டியின் மேல் கை வைத்துச் சொன்னார்: "எங்க அப்பாவுக்கும் டாக்டர் இப்புடித்தான் தம்பி சொன்னாரு. 'உசுரு இருக்கு, தாங்குமான்னு தெரியல'ன்னு."

பாதியில் நிற்கும் குரல்

மறுநாள் புது ஃபேனும், மூடிக்கு மேலே மட்டும் புது பேஸ்ட்டும் போட்டு ஆன் செய்தேன். திரை வந்ததும் ஸ்பீக்கரில் ஒரு பெரியவரின் குரல். கனிவான குரல்தான், ஆனால் ஒரு சொல்கூடப் புரியவில்லை. சின்னதாக ஒரு வாக்கியம். அப்புறம் அமைதி. அப்புறம் பெட்டி அணைந்தது. மறுபடி ஆன் செய்தால் அதே வாக்கியம், அதே இடத்தில் நிறுத்தம், சற்று நேரத்தில் திரை இருட்டு. பேத்தி கம்ப்யூட்டரைப் போட்டதும் தாத்தாவின் பாடம் காதில் விழட்டும் என்று அதைத் தானாக ஓடும்படி வைத்திருக்கிறார். இது எனக்குப் புரிவதற்குள் செல்வம் கடையை விட்டு இறங்கித் தெருவில் நின்றுகொண்டிருந்தான்.

சூட்டில் திணறிப் பாதியிலேயே குரல் நின்றுபோகிறது என்று முடிவு கட்டினேன். ஆனால் கேட்கிற காதுக்கு அப்படித் தோன்றவில்லை. எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒருவர் காத்திருப்பது மாதிரி இருந்தது. தெரிந்தவர் ஒருவரின் ஏசி அறைக்குத் தூக்கிக்கொண்டு போயும் பார்த்தேன், அங்கேயும் இதே கதை. சாயங்காலம் ரமணி அக்கா வந்தார். அவர் முன்னால் ஆன் செய்தேன். குரல் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "'தண்ணி கொண்டா கண்ணு'ங்குறாரு. வேற ஒண்ணும் இல்ல தம்பி, தண்ணிதான் கேக்குறாரு."

வாரேன் என்று சொல்லக் கூடாது

"கேக்குறாருல்ல, குடுத்துத் தொலை மாப்ள!" என்று செல்வம் தெருவிலிருந்தே கத்தினான். அவன் பயத்தை மறைக்கக் கேலி செய்தான். எனக்கோ அது பொறி தட்டியது. ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறையின் சூட்டைத்தான் அள்ளி வீசும். ஏசிக் காற்றை விடத் தண்ணீர் சூட்டை வேகமாக வாங்கும், ஆவியானால் தானும் அறைச் சூட்டுக்குக் கீழே இறங்கும். மண்பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியதுதானே? காற்று காய்ந்து கிடக்கிற மதுரையில் அதற்குக் கேட்கவே வேண்டாம். உயரத்தில் ஒரு பானை, அடியில் ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் ஓர் அகலமான பிவிசி குழாய்க்குள் இழையாக விழும், கீழிருந்து ஃபேன் காற்று எதிரே ஏறும், விழுகிற வழியிலேயே தண்ணீர் குளிரும். அது சரிந்து வந்து ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் செம்புக் கட்டிக்குள் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு தரையிலிருக்கும் வாளியில் சேரும். வாளியிலிருந்து ஒரு சின்ன மோட்டார் மறுபடி பானைக்கு ஏற்றும். மனசுக்குள் இதை ஓட்டிப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஒத்தக்கடைப் பக்கம் ரோட்டோரத்தில் பானை விற்கும் அக்காவிடம் போனேன். புதுப் பானை, சின்னது, ஓட்டை போட்டால் விரிசல் விடாதது வேண்டும் என்றேன். பானைகளைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கை நின்றுவிட்டது. ஒரு பானையை எடுத்து என் கையில் தராமல் தரையிலேயே என் பக்கம் நகர்த்தி வைத்தார். விவரம் புரியாத நான் அதை வண்டியில் கட்டிக்கொண்டு, வழக்கம்போல "வாரேன்க்கா" என்றேன். அவர் பதறிப்போய்ச் சொன்னார்: "இதுக்குப் பானை வாங்குனவுக 'வாரேன்'னு சொல்லக் கூடாது தம்பி. சொல்லாம, திரும்பிப் பாக்காமப் போங்க."

நாலாவது ஓட்டை

கடைக்கு வந்த பிறகும் என் மரமண்டைக்கு விளங்கவில்லை. டிரில்லை வைத்து ஓர் ஓட்டை போட்டேன். மோட்டார் ஏற்றும் வேகத்துக்கு அது பற்றாமல் பானை நிரம்பி வழிந்தது. இரண்டாவது போட்டேன், அப்போதும் வழிந்தது. மூன்றாவது போட்டதும் ஏறுகிற தண்ணீருக்கும் இறங்குகிற தண்ணீருக்கும் கணக்கு சரியாக வந்தது. பெருமை தாங்காமல் செல்வத்தைக் கூப்பிட்டேன். அவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் நானும் பானையைப் பார்த்தேன். புது மண்குடம், நிறைந்த தண்ணீர், மூன்று ஓட்டை, மூன்று இழை. சுடுகாட்டில் கொள்ளி வைப்பவர் தோளில் ஏற்றிக்கொண்டு சுற்றி வர, சுற்றுக்கு ஒரு கொத்து கொத்தி ஒழுக விடுவார்களே, அந்தக் குடத்தை என் கையாலேயே செய்து மேசை மேல் ஏற்றி வைத்திருந்தேன்.

இன்னொரு ஓட்டை போட்டால் கணக்கு மாறிவிடும் என்றான் செல்வம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. நாலாவது போட்டேன். பானை காலியாகி மோட்டார் வறண்டு கத்தியது. அதை மெழுகு வைத்து அடைத்தேன், சரியாயிற்று. மூன்றில் ஒன்றை அடைத்துப் பார்த்தேன், மறுபடி வழிந்தது. எப்படிப் புரட்டினாலும் மூன்றில்தான் நின்றது. இது தண்ணீரின் வேகத்தைப் பொறுத்த விஷயம், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று அவனுக்கு விளக்கினேன். விளக்கும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. செல்வம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சொன்னான்: "மாப்ள, இது நீ போட்ட கணக்கு இல்ல. அது கேட்டு வாங்குன கணக்கு."

எப்ப எடுக்குறீங்க?

அக்காவின் பெட்டியில் மாட்டுவதற்கு முன்னால் உருப்படாத ஒரு பழைய பெட்டியில் சோதனை ஓட்டம் விட்டேன். அந்த நேரம் பார்த்து, ரிப்பேருக்குக் கொடுத்த பிரிண்டரைப் பற்றிக் கேட்க ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் வந்தார். உள்ளே நுழைந்தவர் பானையைப் பார்த்தார், நனைந்து கிடந்த தரையைப் பார்த்தார், குனிந்து மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்த என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ரொம்பத் தணிந்த குரலில் கேட்டார், "எப்பத் தம்பி எடுக்குறீங்க?"

நான் பிரிண்டர் ஞாபகத்தில் இருந்தேன். நிமிராமலேயே, "சாயங்காலத்துக்குள்ள ரெடியாயிரும் சார். நீங்களே வந்து எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் பெரியவர் வாசலுக்குப் போய்விட்டிருந்தார், செருப்பைக்கூட மாட்டாமல் கையில் வைத்திருந்தார். அங்கிருந்து சொன்னார்: "நானா? நான் சொந்தங்கூட இல்லையே தம்பி!"

தண்ணி காட்டியாச்சா

சிரித்ததெல்லாம் அதோடு சரி. அக்காவின் பெட்டியில் மாட்டினேன். அது அணையவில்லை. சூடு ஏறப் பார்த்து, ஏற முடியாமல் நின்றது. எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. ஆனால் ஒன்று உறுத்தியது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், அது தெரிந்ததுதான். மண்பானை கொஞ்சம் உறிஞ்சும், அதுவும் தெரியும். இங்கே நடந்தது வேறு. பெட்டியை ஆன் செய்து அந்தக் குரல் வரும்போதெல்லாம் வாளியில் மட்டம் சட்டென்று இறங்கியது. அந்நேரம் குழாய்க்குள் ஒரு சத்தம் வரும். யாரோ அண்ணாந்து சொம்புத் தண்ணீரைக் குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று கேட்கும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது குழாயில் காற்று போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே வாளியை நிரப்பினேன். செல்வம் கடைக்கு வந்ததும், வீட்டில் மாட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரி, "பெருசுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்கத் தொடங்கினான். முதலில் அதட்டினேன். பிறகு, "காட்டியாச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில நாள் ஓட்டிப் பார்த்து நம்பிக்கை வந்த பிறகு, காப்பி எடுக்க ரமணி அக்காவை வரச் சொல்லியிருந்தேன். அவர் வரும் சத்தம் கேட்டதும்தான் பானை ஞாபகம் வந்தது. அப்பாவைப் பறிகொடுத்தவர் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? அவசரமாக என் துண்டை எடுத்து மேலே போட்டேன். அவர் நேராக வந்து துண்டை எடுத்து மடித்து என்னிடமே கொடுத்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. பானையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூடாதீங்க தம்பி. அப்பாவுக்கு நான் ஒரே புள்ள. பொம்பளப் புள்ள கொடம் தூக்கக் கூடாதுன்னு பங்காளி மகன் ஒருத்தனக் கூட்டிட்டு வந்தாங்க. அந்தக் கொடத்த நான் கண்ணால கூடப் பாக்கல."

இடம் சுற்றி

நல்ல உச்சி வெயிலில் காப்பி எடுக்கத் தொடங்கினோம். பெட்டியை ஆன் செய்ததும் வழக்கம்போல அந்தக் குரல் தண்ணி கேட்டது, வழக்கம்போல நின்றது. ஆனால் பெட்டி அணையவில்லை. ஃபைல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பாதி தாண்டியிருக்கும், கரண்ட் ஒரு குதி குதித்து நின்றது. மோட்டார் புகைந்து போயிற்று. பெட்டி மட்டும் இன்வெர்ட்டரில் இருந்ததால் பிழைத்தது. பானைக்குத் தண்ணீர் ஏறவில்லை, மூன்று இழைகளும் மெலிந்துகொண்டே வந்தன, திரையில் சூட்டின் எண் ஏறத் தொடங்கியது. செல்வம் ஷட்டரை முழுசாக ஏற்றிவிட்டான். வெளியிலிருந்து அடித்த அனல்காற்று குழாய்க்குள் புகுந்து ஃபேன் வேலையைப் பார்த்தது. ரமணி அக்கா யாரையும் கேட்கவில்லை. வாளியில் ஒரு சொம்பை முக்கி எடுத்து, ஸ்டூலில் ஏறி, பானையில் ஊற்றினார். எண் ஏறுவது நின்றது.

வாளி மேசைக்கு ஒரு பக்கம், ஸ்டூல் மறுபக்கம். ஸ்டூலடியில் வயர்கள் கிடந்ததால் அவற்றைத் தாண்டி ஏறலாம், அந்தப் பக்கமே இறங்க முடியாது. ஊற்றிவிட்டு இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு வாளிக்கு வந்து, மறுபடி முக்கி, மறுபடி ஏறினார். செல்வம் என் கையைப் பிடித்து அழுத்தினான். "மாப்ள, இடம் சுத்துறாங்கடா" என்று கிசுகிசுத்தான். சுடுகாட்டுச் சுற்று அப்படித்தான், கோயில் சுற்றுக்கு எதிர்ப்பக்கம். வயர் கிடப்பதால் அப்படி வருகிறார் என்று அவனிடம் சொன்னேன், அவன் என் கையை விடவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, சேலையெல்லாம் நனைந்துவிட்டது, அக்காவின் முகத்தில் மட்டும் ஒரு நிதானம். பார்க்கப் பொறுக்காமல், "குடுங்கக்கா, நான் ஊத்துறேன்" என்று சொம்புக்குக் கை நீட்டினேன். அவர் நிற்காமலே சொன்னார்: "வேணாம் தம்பி. இந்த வாட்டி நானே சுத்திக்கிறேன்."

குடிச்சாச்சு

காப்பி முடிந்தது. ஒன்று விடாமல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. காப்பி எடுத்த புது டிஸ்கைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தேன், அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டார். பெட்டியை அணைக்கப் பட்டனை அமுக்கினேன். அணைவதற்கு முன்னால் ஸ்பீக்கர் லேசாக இரைந்தது. அதே குரல், ஆனால் இதுவரை கேட்காத ஒரு வாக்கியம். பிறகு திரை இருண்டது. இத்தனை நேரம் திணறிக்கொண்டிருந்த பாடத்தின் மிச்சம் இப்போதுதான் வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். அக்கா ஸ்பீக்கரைப் பார்த்தார். "'குடிச்சாச்சு, கிளம்புறேன்'ங்குறாரு" என்றார். புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு, "எங்க பாஷையிலயும் 'போய்ட்டு வாரேன்'னுதான் சொல்லுவோம் தம்பி. அப்பா 'வாரேன்'னு சொல்லல" என்றார்.

அப்படியே திரும்பி வாசலைப் பார்த்து நடந்தார். படியில் கால் வைக்கும்போது, அவருக்குப் பின்னால், பானை மேசையிலிருந்து சரிந்து தரையில் விழுந்து உடைந்தது. நானும் செல்வமும் அதற்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். யாரும் தொடவில்லை. பானைக்கு அடியிலிருந்த ஈரப் பலகை வழுக்கியிருக்கும். சத்தம் கேட்டு அக்காவின் தோள் லேசாகத் திரும்பியது. தொண்டை கிழியக் கத்தினான் செல்வம்: "அக்கா, திரும்பிப் பாக்காதீங்க! வாரேன்னும் சொல்லாதீங்க!"

மிச்சப் பாதி

அவர் சொல்லவில்லை, திரும்பவும் இல்லை. அந்தப் பெட்டி அதன் பிறகு ஆன் ஆகவே இல்லை. ப்ராசஸர் போய்விட்டது, சாவியும் போய்விட்டது. நல்லவேளை, அதற்கு இனி வேலையும் இல்லை. எனக்குள் ஒரு நிறைவு இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவருக்கு உண்மையிலேயே வேண்டியதை மீட்டுக் கொடுத்தது இதுதான் என்று தோன்றியது.

கொஞ்ச நாள் கழித்து ரமணி அக்கா போன் செய்தார். பாடமெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றார். மகள் உட்கார்ந்து கேட்கிறாளாம், திரும்பச் சொல்கிறாளாம். பக்கத்திலிருந்து அந்தக் குழந்தை ஒரு வாக்கியத்தைச் சொல்வது எனக்கும் கேட்டது. பாஷை தெரியாவிட்டாலும் 'தண்ணி கொண்டா கண்ணு' என்று புரிந்தது. ரொம்பச் சந்தோஷம்க்கா என்றேன். அப்புறம் அக்கா, டீச்சர் குரல் போய் வேறு ஒரு குரலில் கேட்டார்: "தம்பி, அந்த மொதப் பாடம் 'தண்ணி கொண்டா'ங்குறதோட முடிஞ்சு போகுது. ஃபைலே அம்புட்டுத்தான். மத்த பாடம் எல்லாத்தையும் கேட்டுட்டேன், எதுலயும் 'கிளம்புறேன்' இல்ல. அன்னிக்கு நாம மூணு பேருமே கேட்டோம்ல?"

அன்றிலிருந்து எங்கள் கடையில் எப்பேர்ப்பட்ட சூட்டுக்கும் வைத்தியம் உண்டு, ஆனால் 'வாரேன்' என்று சொல்லாமல் கிளம்பும் கஸ்டமரை மட்டும் நானும் செல்வமும் வழி மறித்து நின்று சொல்ல வைத்த பிறகுதான் அனுப்புகிறோம்.